அறுத்த செடி எங்கே போகும்? இப்போதே கேளுங்கள், தோழர்களே!

கெப்பாலா பத்தாஸ் தோழர்களே!

கெட்டுப்போன மண்ணைச் சுத்தப்படுத்த வெட்டிவேர் நடலாம், சூரியகாந்தி நடலாம் என்றால் நம்மில் யாரும் பின்வாங்குவதில்லை. கன்று நடும் நாளில் கூட்டம் கூடுகிறது. வெட்டிக் குவிக்கும் நாளில் யார் இருக்கிறோம்? ஆபத்தே அன்றுதான் தொடங்குகிறது!

காட்மியம், ஈயம், ஆர்செனிக் இவற்றைச் செடி செரித்து அழிப்பதில்லை. உறிஞ்சி, வேரிலும் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைக்கிறது. நிலமெங்கும் பரவிக் கிடந்த நஞ்சில் ஒரு பகுதி இப்போது ஒரே குவியலாகத் திரண்டு நிற்கிறது. அதைக் கோட்டைவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கொளுத்திப் பழகிய வட்டாரம் நம்முடையது. அந்தப் பழக்கத்தில் அறுத்த இந்தச் செடிகளுக்கும் தீ வைத்துவிடாதீர்கள்! காட்மியமும் ஆர்செனிக்கும் புகையோடு பிள்ளைகளின் நுரையீரலுக்குப் போகும். மிச்சம் சாம்பலில் செறிந்து, மழையில் வாய்க்காலுக்கு இறங்கும். ஆடு மாடுகளுக்குப் போடாதீர்கள். உரக்குழியில் கொட்டாதீர்கள்: மட்கினால் குப்பையின் எடைதான் குறையும், உலோகம் குறையாது.

பேராக்கின் புக்கிட் மேராவை மறந்துவிட்டோமா? அருமண் தனிமங்களைப் பிரிக்கும் ஆலையை எதிர்த்து மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தார்கள். 1994இல் ஆலை மூடப்பட்டது. கதிரியக்கக் கழிவை அகற்றிப் புதைக்கும் வேலையோ 2011இலும் முடியவில்லை. கழிவு எங்கே போகும் என்ற கேள்விக்குத் தொடக்கத்திலேயே நம்பத்தக்க பதில் இல்லாமல் போனதன் விலை அது.

வழி இருக்கிறது. சபாவில் நிக்கலை உறிஞ்சும் காட்டுச் செடிகளை ஆய்வாளர்கள் பயிரிட்டு, அறுத்து எரித்து, சாம்பலையே நிக்கல் தாதுவாக்கப் பாடுபடுகிறார்கள். அங்கே எரிப்பது கணக்கோடு. சாம்பலுக்கும் போகுமிடம் உண்டு.

நாம் செய்ய வேண்டியது இது. இலை உதிருமுன், விதை விழுமுன் கையுறை மாட்டி அறுப்போம். கூரைக்கடியில் தார்ப்பாய் விரித்து உலர்த்துவோம். சாக்கில் கட்டி, எடை போட்டு, எந்த நிலத்துச் செடி என்று எழுதி வைப்போம். ஆய்வகச் சோதனையில் நஞ்சு உறுதியானால் சுற்றுச்சூழல் துறையின் கதவைத் தட்டுவோம். அபாயக் கழிவுகளுக்கான 2005ஆம் ஆண்டு விதிகள், அவற்றை 180 நாளுக்கு மேல் தேக்கி வைக்க விடுவதில்லை. நெகிரி செம்பிலானின் புக்கிட் நானாஸ் போன்ற உரிமம் பெற்ற கழிவு நிலையத்துக்கே லோரி போக வேண்டும். செலவை மண்ணைக் கெடுத்தவன் கட்டட்டும்!

யார் அறுப்பது, எங்கே வைப்பது, யார் ஏற்றிப்போவது, யார் பணம் கட்டுவது: நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை ஒரு கன்றையும் நடாதீர்கள்!