பேருல மட்டும் இந்தியா

டிஸ்கி: இது யாரையும் குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் தயாரிப்பது குற்றம். நான் தயாரிக்கவும் இல்லை, உங்களைத் தயாரிக்கச் சொல்லவும் இல்லை. அந்தச் சட்டம் ஏன் தப்பு என்று மட்டும்தான் சொல்லப் போகிறேன்.

மக்களே, பீரில் நம் நாட்டுப் பெயரோடு ஒரு வகை இருக்கிறது. இந்தியா பேல் ஏல், சுருக்கமாக ஐபிஏ. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்த மாதிரி பீர் இங்கே வந்தது. 1820-களில் பர்ட்டன் ஊர்க்காரர்களும் போட்டிக்கு இறங்கினார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர மாதக்கணக்கில் ஆகும். வழியில் கெட்டுப்போகாமல் இருக்க ஹாப்ஸ் என்ற கொடியின் பூவை அள்ளிப் போட்டார்கள். குடித்தது துரைமார். பெயர் மட்டும் நமக்கு.

இன்று இதையே வீட்டில் செய்ய ஒரு பெட்டியில் எல்லாம் வருகிறது. பார்லி மால்ட் சாறு, ஹாப்ஸ், ஈஸ்ட், மூடி போட்ட ஒரு வாளி. மால்ட்டைத் தண்ணீரில் கொதிக்க வைக்க வேண்டும். ஹாப்ஸை முதலிலேயே போட்டால் கசப்பு இறங்கும், கடைசியில் போட்டால் வாசனை நிற்கும். பாயசத்தை இறக்கும்போது ஏலக்காய் தட்டிப் போடுகிற அதே கணக்குதான். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் போட்டு, பாட்டிலில் அடைத்து, மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும்.

ஏல் ஈஸ்டுக்குப் பிடித்தது 18 முதல் 22 டிகிரி. கோடையில் போடி டவுனில் நடக்காது. 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு போனால் இயற்கையே ஏசி போட்டு வைத்திருக்கிறது. ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊரில் ஏல், சந்தம்கூட சரியாக இருக்கிறது :-)

ஆனால் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. சரி, அரசு மதுவுக்கு எதிரி என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. 1983-ல் டாஸ்மாக் வந்தது. 1987-ல் கள்ளுக்குத் தடை போட்டார்கள். 2003-ல் சில்லறைக் கடையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. 2023-24-ல் அதில் வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பிராந்தியை அரசே கடை வைத்து விற்கும். 5, 6 சதவீத பீரை ஒருத்தன் தன் வீட்டில், தனக்காகப் புளிக்க வைத்தால் கம்பி எண்ண வேண்டும். இதற்கு மதுவிலக்கு என்று பெயர் வைத்தது யாரய்யா? வியாபாரப் போட்டியை ஒழிக்கிற சட்டம் என்று நேராகவே சொல்லிவிடலாமே.

முழு மதுவிலக்கு கேட்பவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள், அதில் நேர்மை இருக்கிறது. தானே விற்றுக்கொண்டு அடுத்தவனுக்குத் தடை போடுவதில் என்ன நேர்மை?

உடனே வருகிற பதில் கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதை யாரும் லேசாகப் பேசக் கூடாது. ஆனால் அவர்களைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய விஷத்தைச் சாராயம் என்று விற்றார்கள். மால்ட்டில் ஈஸ்ட் போட்டால் அந்த விஷம் அந்த அளவுக்கு வராது. இட்லி மாவு பொங்குவதும் பழைய சோறு புளிப்பதும் நொதித்தல்தான், பீரும் அதே குடும்பம். கொஞ்சம் சர்க்கரை கூடிப்போனால் பாட்டில் வெடிக்கலாம், அந்த ஆபத்து உண்டு. தமிழில் எல்லாவற்றுக்கும் 'காய்ச்சுறது' என்று ஒரே வார்த்தை போடுகிறோம், சட்டமும் எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் ஏற்றிவிட்டது.

தினமும் காலையில் போடியிலிருந்து ஜீப்பில் ஆட்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறார்கள். செக்போஸ்ட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். அங்கே கள்ளுக்கடைக்கு அரசாங்கமே லைசென்ஸ் தருகிறது. மதியம் அங்கே சட்டப்படி கள் குடித்த அதே மனிதர், சாயங்காலம் ஊருக்கு இறங்கித் தன் தென்னையில் கள் இறக்கினால் குற்றவாளி. மரமும் அதேதான், மனிதரும் அதேதான்.

வெளியூர்க் கதையும் கேளுங்கள். பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பீர் செய்ய லைசென்ஸ் வேண்டும், அந்த வருடம் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டார், ஒரு வீட்டுக்கு வருடத்துக்கு 200 கேலன் வரை வரியில்லை. அப்போது அந்த நாட்டில் நூறுக்கும் குறைவான பீர் ஆலைகள். இன்று ஒன்பதாயிரத்துக்கு மேல். சியரா நெவாடா கம்பெனியைத் தொடங்கிய கென் கிராஸ்மேன், அதற்கு முன் வீட்டு பீர் சாமான் கடை வைத்திருந்தவர். இன்றைய ஹாப்ஸ் வாசனை தூக்கலான ஐபிஏ, அப்படிப்பட்ட அடுப்படிகளிலிருந்து வந்ததுதான்.

நம்மிடம் ஏலக்காய், மிளகு, காபி எல்லாம் ஒரே மலையில் விளைகிறது. எல்லாவற்றையும் மூட்டை கட்டி விற்றுவிட்டு, வாசனை சேர்த்து லாபம் பார்க்கிற வேலையை அடுத்தவனுக்கு விடுகிறோம்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. 21 வயது நிரம்பியவர், பெயரைப் பதிவு செய்துகொண்டு, மாதம் 20 லிட்டர் வரை, தன் வீட்டுக்காக மட்டும் புளிக்க வைக்கலாம். விற்றால் தண்டனை. வாலை வடித்தால் இப்போதிருக்கும் தண்டனை அப்படியே இருக்கட்டும். கள்ளுக்கும் இதே மாதிரி ஒரு வழி வேண்டும்.

சீக்கிரம் போதை வேண்டுகிறவன் நான்கு வாரம் வாளிக்குக் காவல் இருக்க மாட்டான். அவனுக்குத்தான் அரசு ஏற்கனவே கடை திறந்து வைத்திருக்கிறதே.

திட்ட வேண்டும் என்றால் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் டாஸ்மாக் ஏன் சரி, வீட்டு வாளி ஏன் தப்பு என்று ஒரு காரணமும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.