இரவு வேலைக்காரன் பக்கம்: கோழியில் தொடங்குங்கள்



சென்ற இதழில் காசு போட்டுப் பாவிக்கும் கறன்ற் மீற்றரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு அக்கா கோயில் வாசலில் என்னை மறித்தார். "தம்பி, மீற்றர் விளங்கிச்சுது. என்ரை பொடியன் விடிய விடிய கொம்பியூட்டரிலை வாளும் கேடயமுமா ஏதோ விளையாடுறான். அது என்ன சாமான் எண்டு ஒருக்கா எழுதுமன்" என்றார்.

நான் ஓ.எல். வரைக்கும் படித்தவன். பாண் பக்டரியில் இரவு வேலை. கொம்பியூட்டரைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி ஒன்றுதான். என் மகன் விளையாடும் அதே விளையாட்டை ஆறு மாதமாக நானும் விளையாடுகிறேன். அக்கா சொன்னதும் அதேதான் என்று பிறகு தெரிந்தது.

அதன் பெயர் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். ரூன்ஸ்கேப்பை 2001 இல் கோவர் என்ற குடும்பத்துச் சகோதரர்கள் இங்கிலாந்தில் வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜில் உள்ள ஜாகெக்ஸ் என்ற கம்பனி இதை நடத்துகிறது. காலப்போக்கில் விளையாட்டு நிறைய மாறிவிட்டது. பழையதுதான் வேண்டும் என்று ஆட்கள் கேட்க, 2007 ஓகஸ்ட் மாதத்தில் இருந்த வடிவத்தை எடுத்து 2013 பெப்ரவரியில் திரும்பவும் திறந்தார்கள். 2018 இலிருந்து கைத்தொலைபேசியிலும் விளையாடலாம். இலவசமாகத் தொடங்கலாம். மாதக் காசு கட்டினால் இன்னும் ஊர்களும் தொழில்களும் திறக்கும். தொடக்கத்தில் அது தேவையே இல்லை.

பல நாட்டு ஆட்கள் ஒரே நேரத்தில் இந்த உலகத்தில் நடமாடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன உருவம். மீன் பிடிக்கலாம், சமைக்கலாம், மரம் வெட்டலாம், கனிமம் தோண்டலாம், சண்டை பிடிக்கலாம். இலவசப் பகுதியில் 15 திறமைகள் இருக்கின்றன. வென்று முடிப்பது என்று ஒன்று இதில் கிடையாது. அதனால்தான் பிள்ளைகள் எழும்புகிறார்கள் இல்லை.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கும், பக்கத்தில் இருந்து பார்க்கப்போகும் பெற்றோருக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. தீவில் அவசரப்பட வேண்டாம்

முதலில் ஒரு சின்னத் தீவில் விடுவார்கள். அங்கே ஒவ்வொரு வாத்தியாராக ஒவ்வொரு வேலையைக் காட்டித் தருவார். பிள்ளைகள் வாசிக்காமல் தட்டிக்கொண்டே போவார்கள். வாசியுங்கள். ஆங்கிலம் இலகுவானது. வலை, கோடரி, அடுப்பு, உலை, தகரம், செம்பு எல்லாவற்றுக்கும் ஆங்கிலச் சொல்லை நான் அங்கேதான் சரியாகப் படித்தேன். முடிவில் கோடரி, வலை, வாளி, பானை என்று சில சாமான் கையில் இருக்கும். ஒன்றையும் எறிய வேண்டாம்.

2. சமையற்காரனிடம் போங்கள்

தீவு முடிய லம்பிரிட்ஜ் என்ற ஊருக்கு வருவீர்கள். ஒரு கோட்டை, ஓர் ஆறு, ஒரு பாலம். செத்தாலும் திரும்ப இங்கேதான் எழும்புவீர்கள். கோட்டையின் மேல்மாடியில் வங்கி இருக்கிறது. கீழே குசினியில் சமையற்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பான். பிரபுவின் பிறந்தநாளுக்குக் கேக் போட அவனுக்கு ஒரு முட்டை, ஒரு வாளி பால், ஒரு பானை மா வேண்டும். இப்படி ஒருவர் தரும் வேலையைக் குவெஸ்ட் என்பார்கள்.

முட்டை கோழிப் பண்ணையில் கிடக்கும். வாளியைக் கொண்டுபோய்ப் பால் கறக்கலாம். மாவுக்குத்தான் கொஞ்ச வேலை. வயலில் கோதுமை பிடுங்கி, ஆலையின் உச்சி மாடிக்குக் கொண்டுபோய்க் கொட்டி, பிடியை இழுத்துவிட்டு, கீழே இறங்கிப் பானையில் அள்ள வேண்டும். பிடியை இழுக்க மறந்து நான் கீழே வந்து அரை மணித்தியாலம் மா தேடினேன். மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இந்த வேலைகளைச் செய்யச் செய்ய ஊர் பழகும், பாதை பழகும். சண்டை பிடித்து நாள் கணக்கில் சேர்க்கும் அனுபவத்தைச் சில குவெஸ்டுகள் ஒரே நாளில் தரும். மாதக் காசு கட்டியவர்களுக்கு நீர்வீழ்ச்சிக் குவெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. தாக்குதலிலும் பலத்திலும் 1 இல் இருப்பவரை அது ஒரேயடியாக 30 க்குக் கொண்டுபோகும். ஆகவே முதலில் குவெஸ்ட், பிறகு சண்டை.

3. கோழியும் மாடும்

தொடங்கும்போது உங்கள் உயிர்ப் புள்ளி 10 தான். பெரிய மிருகத்தோடு மோதினால் இரண்டு அடியில் கதை முடிந்துவிடும். கோழியில் தொடங்குங்கள். இறகை விடாமல் பொறுக்குங்கள். ஒரு பிடி இறகு ஒன்றுக்கும் உதவாது, ஆனால் மீன்பிடியில் 20 வந்தபின் தூண்டிலில் ட்ரவுட் மீன் பிடிக்க இறகுதான் வேண்டும். பிறகு மாடு. தோலை வங்கியில் சேர்த்து வைத்து மொத்தமாக விற்கலாம்.

சாப்பாடு இல்லாமல் சண்டைக்குப் போகவே கூடாது. ஒரு இறால் 3 புள்ளியும், ட்ரவுட் 7 உம், லொப்ஸ்ரர் 12 உம் திருப்பித் தரும். பிடித்ததை நீங்களே சமைத்துக்கொண்டால் ஒருவரிடமும் கையேந்தத் தேவையில்லை.

4. ஆயுதத்துக்கு அவசரம் வேண்டாம்

செம்பும் தகரமும் ஒவ்வொன்று தோண்டி உலையில் உருக்கினால் வெண்கலம் வரும். இரும்பு தோண்ட சுரங்க வேலையில் 15 வேண்டும். உருக்கு வாள் பிடிக்க தாக்குதலில் 5, மித்ரில் வாளுக்கு 20, அடமன்ற்றுக்கு 30, ரூன் வாளுக்கு 40. காசு இருந்தாலும் படி வராமல் பிடிக்க முடியாது.

ஒரு கணக்கைப் பெற்றோர் தெரிந்திருப்பது நல்லது. ஒரு திறமையில் 1 இலிருந்து 2 க்குப் போக 83 புள்ளி போதும். 99 க்குப் போக 1 கோடியே 30 இலட்சத்துக்கு மேல் வேண்டும். 92 இல் நிற்பவர் பாதி வழிதான் வந்திருக்கிறார். "அப்பா, இன்னும் 7 தான்" என்று பிள்ளை சொன்னால் நம்பி இருக்க வேண்டாம். சோறு ஆறிவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட நாளில் ஒரு மணித்தியாலம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

5. வடக்கே போகும்போது

வரைபடத்தின் வடக்கில் காட்டுப் பகுதி இருக்கிறது. ஒரு அகழியைத் தாண்டினால் உள்ளே போய்விடுவீர்கள். மற்ற இடத்தில் மிருகத்திடம் செத்தால் சாமான் ஒரு கல்லறையில் 15 நிமிடம் இருக்கும், ஓடிப்போய் எடுக்கலாம். காட்டுப் பகுதியில் மற்ற ஆட்களே உங்களைக் கொல்லலாம். கொன்றவர் சாமானையும் கொண்டுபோவார். பெறுமதியான மூன்று சாமான்தான் சாதாரணமாக உங்களிடம் மிஞ்சும். அங்கே போகத்தான் வேண்டுமென்றால், போனாலும் பரவாயில்லை என்ற சாமானோடு போங்கள். யாராவது "வா, ஒரு இடம் காட்டுகிறேன்" என்று வடக்கே கூப்பிட்டால் போகாதீர்கள்.

6. சும்மா தருகிறேன் என்பவர்

நான் விளையாடத் தொடங்கியதே இதனால்தான்.

மகனுக்கு இப்போது 13 வயது. அவனை 5 வயதில் ஊரில் விட்டுவிட்டு வந்தவன் நான். அவனும் தாயும் இங்கே வந்து சேர்ந்தபோது அவனுக்கு 10 வயது. விமான நிலையத்தில் தாயின் பின்னால் நின்றுதான் என்னைப் பார்த்தான். நான் இரவில் வேலை, பகலில் நித்திரை. "சாப்பிட்டியா?" "ஓம்." "பள்ளிக்கூடம் எப்படி?" "பரவாயில்லை." எங்கள் கதை இவ்வளவுதான்.

ஒருநாள் காலை வேலையால் வந்தபோது அவன் கொம்பியூட்டருக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்தான். "என்னடா?" "ஒண்டும் இல்லை." நான் சத்தம் போட்டு கொம்பியூட்டரை நிற்பாட்டினேன். இரண்டு நாள் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தாயிடம் சொல்லியிருக்கிறான். இரண்டு மாதம் மீனும் தோலும் விற்று ஒரு ரூன் கவசம் வாங்கியிருந்தானாம். முகம் தெரியாத ஒருவன் வந்து, அதற்குத் தங்கக் கரை போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டான்.

அன்று பகல் எனக்கு நித்திரை வரவில்லை. வெளிக்கிடுவதற்கு முன்னம் ஒரு ஏஜென்றிடம் நானும் காசு கொடுத்து ஏமாந்தவன். அம்மாவின் தாலிக்கொடி அடைவு வைத்த காசு. ஏச்சு விழும் என்ற பயத்தில் மூன்று மாதம் அப்பாவுக்கு "வேலை நடக்குது" என்று பொய் சொன்னேன். அந்த மூன்று மாதத்தில் அந்த ஆள் எங்கேயோ போய்விட்டான். உடனே சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்.

பின்னேரம் மகனைக் கூப்பிட்டு அந்தக் கதையைச் சொன்னேன். அவனுக்கு அது தெரியாது. கன நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பாட்டையுமா?" என்று கேட்டான். பிறகு எனக்கும் ஒரு உருவம் செய்து தந்தான்.

அவன் காட்டித் தந்ததை எழுதுகிறேன். ஒருவரோடு சாமான் மாற்றும்போது இரண்டு திரை வரும். இரண்டாவது திரையில் நீங்கள் கொடுப்பது ஒரு பக்கமும், உங்களுக்கு வருவது மறுபக்கமும் இருக்கும். மற்றவர் ஒன்றும் வைக்கவில்லை என்றால் "எதுவுமே இல்லை" என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருக்கும். மகன் அதை வாசிக்காமல் சம்மதம் அழுத்திவிட்டான். வாசியுங்கள்.

கவசத்துக்குக் கரை போட இன்னொரு ஆளால் முடியாது. அது பழைய ஏமாற்று வேலை. உங்கள் காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவனும் அப்படித்தான். முதலில் சின்னத் தொகையைத் திருப்பித் தந்து ஆசை காட்டுவான். விற்க, வாங்க வரொக் நகரில் பெரிய சந்தை இருக்கிறது. அங்கே விலையைப் போட்டுவிட்டால் போதும், ஆளோடு ஆள் கதைக்கவே தேவையில்லை.

வெளியில் உண்மைக் காசு கொடுத்து விளையாட்டுக் காசு வாங்குவது விதிக்கு மாறானது. கணக்கையே மூடிவிடுவார்கள். தாயின் வங்கி அட்டை பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது.

7. பூட்டு

பாஸ்வேட்டை ஒருவருக்கும் சொல்லக் கூடாது. கம்பனியில் இருந்து பேசுகிறேன் என்று கேட்டாலும்கூட. வேறு இடத்தில் பாவித்த பாஸ்வேட்டை இதற்குப் போட வேண்டாம். வங்கிக்கு நாலு இலக்கப் பூட்டு போடலாம், போடுங்கள். கைத்தொலைபேசிக்கு இலக்கம் வரும் இரண்டாவது பூட்டும் இருக்கிறது, அதையும் போடுங்கள். சொந்தப் பெயர், பள்ளிக்கூடம், வீட்டு விலாசம் ஒன்றையும் எழுதக் கூடாது.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை எதையாவது இழந்துவிட்டு வந்து சொன்னால், அந்த நேரம் ஏச வேண்டாம். ஏசினால் அடுத்த முறை சொல்லாது. அடுத்த முறை போவது கவசமாக இராமல் வேறு ஏதாவதாக இருக்கலாம்.

மகன் திரும்பவும் கோழியில் இருந்து தொடங்கினான். போன கிழமை மறுபடி ரூன் வாள் பிடித்துவிட்டான். நான் மீன்பிடியில் 43. என் லீவு நாளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து லொப்ஸ்ரர் பிடிக்கிறோம். மீன் விழும்வரை கதைப்போம். அவனுடைய வகுப்பு வாத்தியார், கூட்டாளிகள் பெயர் எல்லாம் எனக்கு இப்போது பாடம்.

கோயிலடி அக்கா, மகனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து, "இது என்னடா ஊர்?" என்று கேளுங்கள். மிச்சத்தை அவரே சொல்லுவார்.

அடுத்த இதழில் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று எழுதுகிறேன். அதுவரை வணக்கம்.