வீடு கொடுத்தவர் காவலும் கொடுக்கவேண்டும்

வட அமெரிக்காவின் தகைவிலான் குருவிகளில் எல்லாவற்றிலும் பெரியதாகிய ஊதா மார்ட்டின், குளிர்காலத்தைப் பிரேசில் முதலிய தென் அமெரிக்க தேசங்களில் கழித்துவிட்டு, வசந்தத்தில் ஆயிரக்கணக்கான மைல் பறந்து திரும்பி வந்தபின், ராக்கி மலைகளுக்குக் கிழக்கேயுள்ள பிரதேசங்களில் முட்டையிடுவதற்கு மனிதர் அமைத்துக் கொடுக்கும் வீட்டைத் தவிர அநேகமாக வேறிடம் நாடுவதே இல்லை. சாக்டா, சிக்கசா முதலிய ஆதிக்குடிகள் சுரைக்குடுக்கையில் துளையிட்டுக் கம்பத்தில் தொங்கவிட்ட காலத்திலிருந்து வேரூன்றிய பழக்கம் இது. ஒரு ஜீவன் தன் சந்ததி முழுவதையும் நம்மை நம்பி ஒப்படைத்திருக்கும்போது, அதன் பராமரிப்பை வெறும் பொழுதுபோக்கென்று சொல்லித் தட்டிக்கழிக்க எவருக்கும் உரிமையில்லை.

அதற்கு நேர்ந்திருக்கும் ஆபத்தும் மனிதன் செய்த காரியமே. 1890-லும் 1891-லும் யூஜீன் ஷீஃப்லின் என்பவர் ஐரோப்பாவிலிருந்து தருவித்து நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பறக்கவிட்ட சுமார் நூறு ஸ்டார்லிங் பறவைகளின் வம்சம் அக்கண்டமெங்கும் பரவிவிட்டது. நம் மைனாவுக்கு உறவான இப்பறவை, மார்ட்டின்கள் தெற்கிலிருந்து வருமுன்பே அறைகளைப் பிடித்துப் புல்லையும் சருகையும் அடைத்துவிடுகிறது. மார்ட்டின்கள் முந்திக்கொண்ட அறையிலும் புகுந்து, கூரிய அலகால் முட்டைகளைக் குத்தி, குஞ்சுகளைக் கொன்றுவிடுகிறது.

பரிகாரம் பெரும்பாலும் வாசலின் வடிவத்திலேயே இருக்கிறது. பழைய வீடுகளின் வட்ட வாசல், ஐந்தரை சென்டிமீட்டர் அளவில், இருவரையும் அனுமதிக்கிறது. அதற்குப் பதிலாக, தளத்தை ஒட்டினாற்போல் பிறை வடிவில், மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாமல் வெட்டிய வாசலில், குட்டைக் காலுடைய மார்ட்டின் வயிறு தரையில் படத் தவழ்ந்து உள்ளே போய்விடும். மார்பு பருத்த ஸ்டார்லிங் தலையை நுழைத்துவிட்டுத் தோளில் சிக்கிப் பின்வாங்கும். உயரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடினாலும் பயன் கெட்டுவிடுமாதலால், அளவுகோலை வைத்துப் பார்க்காமல் எவரும் வாசல் வெட்டலாகாது.

ஆயினும் மார்ட்டினின் அறைகளுக்குப் போட்டியிடும் சிட்டுக்குருவி அந்தப் பிறைக்குள்ளும் எளிதில் நுழையும். ஆகவே, நான்கு மீட்டர் உயரக் கம்பத்தில், மரங்களுக்குப் பன்னிரண்டு மீட்டராவது தள்ளி, கப்பி போட்டு ஏற்றி இறக்கும்படி வீட்டை அமைத்து, வாரம் ஒருமுறை இறக்கி ஒவ்வோர் அறையையும் பார்க்கவேண்டும். மார்ட்டினின் முட்டை தூய வெண்மை. ஸ்டார்லிங்கினுடையது வெளிறிய நீலம். சிட்டுக்குருவியினுடையதில் பழுப்புப் புள்ளிகள். அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டு வலசைப்பறவைச் சட்டம் மார்ட்டினைக் காப்பாற்றுகிறது. மற்ற இரண்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லையாகையால், அவற்றின் கூட்டை அகற்றுவதில் குற்றமில்லை. முட்டையிடுமுன்பே அகற்றுவது கருணைக்கும் உகந்தது. வாசலைச் சரியாக வெட்டி, ஒரு கொலைக்கும் இடமில்லாமல் செய்வது அதனினும் மேல்.

மார்ட்டின் நாளொன்றுக்கு இரண்டாயிரம் கொசுவைத் தின்னும் என்று வியாபாரிகள் ஒரு காலத்தில் பறைசாற்றினார்கள். உயர்ந்த ஆகாயத்தில் தும்பியும் வண்டும் பிடித்துண்ணும் பறவைக்குக் கொசு அற்பமான இரை. கொசு ஒழியும் என்ற ஆசைக்காக மட்டும் வீட்டை வாங்குகிறவர் வாங்காதிருப்பதே நன்று.

கவனிப்பாரற்ற வட்ட வாசல் வீடு, வருஷந்தோறும் ஸ்டார்லிங்கைப் பெருக்கும் இடமாகிறது. அமெரிக்காவில் தோட்டத்தோடு வீடு வைத்திருக்கும் நம்மவர் உட்பட, கம்பம் நட்டவர் எல்லோரும் இவ்வாண்டே வாசலை மாற்றுவார்களாக. வாரம் ஒருநாள் ஒதுக்க இயலாதவர்கள், அறைகளை அடைத்துக் கம்பத்தை இறக்கிவிடுவார்களாக.