டீ கப் வேணும்னா விருத்தாசலம் போங்க

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க முடியல மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னைக்கும் எழுதற ஐடியா இல்லதான். ஆனா போன வாரத்துல மட்டும் மூணு பேர் ஒரே கேள்வியக் கேட்டுட்டாங்க. "பாஸ், உங்க ஊர்ப் பக்கம் டீ கப் நாய்க்குட்டி கம்மி விலைக்குக் கிடைக்குதாமே, ஒண்ணு சொல்லி வைங்களேன்?" மூணு பேரும் படிச்சவங்க, நல்ல வேலையில இருக்கறவங்க, எறும்பை மிதிச்சாக்கூட உச்சு கொட்டற டைப். அதனாலதான் கடுப்பு இன்னும் ஏறிடுச்சு. தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, பதிவாவே போட்டுடறேன்.

எங்க ஊர் கம்மாபுரம். விருத்தாசலமும் பக்கம், நெய்வேலியும் பக்கம். உங்களுக்கு டீ கப் வேணும்னா விருத்தாசலத்துல பீங்கான் தொழிற்பேட்டையே இருக்கு. அங்க போய் டஜன் கணக்குல வாங்கிக்குங்க. நாய்க்குட்டிய விட்டுடுங்க.

முதல்ல ஒரு விஷயம். டீ கப் நாய்னு ஒரு இனமே கிடையாது. சென்னையில தலைமையகம் வச்சிருக்கற இந்திய கென்னல் கிளப்ல ஆரம்பிச்சு, அமெரிக்கா, பிரிட்டன் கென்னல் கிளப் வரைக்கும் யாரும் அப்படி ஒரு இனத்தை அங்கீகரிக்கல. அது விக்கறவன் வச்ச பேரு. பொமரேனியன், சிவாவா, ஷிட்ஸு மாதிரி ஏற்கனவே சின்னதா இருக்கற நாய்ங்களை இன்னும் சின்னதாக் காட்டி விக்கறதுக்கு ஒரு லேபிள். நம்ம ஊர்ல ஏற்கனவே 'கல்ச்சர் பாம்'னு ஒண்ணு இருக்கே, அதே மாதிரிதான் இதுவும்.

பொமரேனியன் கதையையே எடுத்துக்குங்க. 1888-ல விக்டோரியா மகாராணி இத்தாலி போனப்ப ஃபுளோரன்ஸ்ல மார்கோன்னு ஒரு பாம் வாங்கிட்டு வந்தாங்க. அது சுமார் அஞ்சரைக் கிலோ. அந்தக் காலத்துல அதையே "அடடா, எவ்ளோ குட்டி!"ன்னு ஊரே வாயப் பொளந்து பாத்துது. அதுக்கப்புறம்தான் சின்ன பாம் மேல எல்லாருக்கும் கிறுக்கு பிடிச்சுது. இன்னைக்கு பிரிட்டிஷ் கென்னல் கிளப் கணக்குப்படி ஆண் 1.8லேர்ந்து 2 கிலோ, பெண் 2லேர்ந்து 2.5 கிலோ. கவனிச்சீங்களா? நாயைச் சுருக்கிச் சுருக்கி ரசிச்ச அதே ஆளுங்ககூட பெண்ணுக்கு மட்டும் அரைக் கிலோ கூட விட்டுருக்காங்க. அது குட்டி போடணும்ல. நம்ம ஆளுங்களுக்கு அந்த அரைக் கிலோவும் உறுத்துது.

சரி, ஒரு கிலோ நாய் எப்படித்தான் வருது? சவலைக்குட்டிய சவலைக்குட்டியோட சேக்கறது ஒரு வழி. அண்ணன் தங்கச்சியையே சேக்கறது இன்னொண்ணு. சோத்தைக் குறைச்சுப் போட்டு வளத்தியைக் கட்டுப்படுத்தறவனும் இருக்கான். ஆனா நம்ம பக்கம் நான் பாத்த வரைக்கும் ரொம்ப சுலபமான, செலவே இல்லாத வழி ஒண்ணுதான். 30 நாள் குட்டியக் கொண்டாந்து "60 நாள் ஆச்சு சார், டீ கப் லைன், இதுக்கு மேல வளராது"ன்னு சொல்லி வித்துடறது. வாங்கறவனுக்கு ஒரு மாசக் குட்டிக்கும் ரெண்டு மாசக் குட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சாலும் கையில உக்காந்து முழிக்கறதப் பாத்ததும் மறந்துடும்.

எங்க சித்தப்பா பையன் வாங்கினது அப்படித்தான். அஞ்சு வயசுப் பொண்ணு பொறந்தநாளுக்கு. போட்டோ வாட்ஸப்புல வந்துச்சு, காசு போன்ல போச்சு, குட்டி ஆம்னி பஸ்ல வந்துச்சு. காலங்காத்தால இருட்டுல ஹைவேயில நின்னு அட்டைப்பெட்டிய வாங்கிட்டு வந்தான். பெட்டியில நாலு ஓட்டை, உள்ள பழைய துணி, ராத்திரி பூரா பாலும் இல்ல தண்ணியும் இல்ல. தடுப்பூசி போட டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனா, அவர் வாயைத் திறந்து பாத்துட்டுச் சிரிக்கறார். கோரைப்பல்லு இப்பதான் முனை காட்டுது, கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறு. "இது 60 நாள்னா நான் இன்னும் பிளஸ் டூ படிக்கறேன்"னார். சின்ன இனத்துக்குப் பல்லு கொஞ்சம் லேட்டாகும், அதைக் கழிச்சுப் பாத்தாலும் அஞ்சு வாரம் தாண்டாதுன்னு சொன்னார்.

மூணாம் நாள் காலைல குட்டி செத்துக் கிடந்துச்சு. நோய் கீய் எதுவும் இல்ல. ராத்திரி எட்டு மணிக்குப் பால் வச்சுட்டுப் படுத்துட்டாங்க, அவ்ளோதான். இவ்ளோ சின்னக் குட்டிக்கு ஈரல்ல சேத்து வச்சுக்கற சக்கரை ரொம்பக் கம்மி, உடம்புல சதையும் கிடையாது, கொழுப்பும் கிடையாது. ஆனா மூளை மட்டும் உடம்போட ஒப்பிட்டா பெருசு, அது சக்கரையத்தான் திங்கும். சில மணி நேரம் வயிறு காஞ்சா ரத்தத்துல சக்கரை இறங்கிடும். முதல்ல தள்ளாடும், அப்புறம் சுருண்டு படுத்துக்கும், அப்புறம் வலிப்பு. சுருண்டு படுத்திருக்கறப்போ வீட்டுல எல்லாரும் "பாவம், புது எடம்ல, அசந்து தூங்குது"ன்னு போர்வை போத்தி விடுவாங்க. அந்த நேரத்துல ஈறுல கொஞ்சம் தேனோ சக்கரைத் தண்ணியோ தடவிட்டு டாக்டர்கிட்ட ஓடினா பொழைக்க வாய்ப்பு உண்டு. இதை வித்தவன் சொல்லணுமா இல்லையா? போன் பண்ணினா "நீங்க சரியா பாத்துக்கல"ங்கறான். பொண்ணு ஒரு வாரம் சோறு திங்கல.

அம்மாகிட்டயும் கூடப் பொறந்த குட்டிங்ககிட்டயும் எட்டு வாரம் இருக்கணும்ங்கறது சும்மா பாசத்துக்குச் சொன்னதில்ல. எவ்ளோ கடிச்சா அடுத்தவனுக்கு வலிக்கும்ங்கறதையே அது அங்கதான் கத்துக்குது. நோய் எதிர்ப்பும் அம்மாவோட சீம்பால்லதான் வருது. அம்மாவுக்கே ஊசி போடாம வச்சிருந்தா அதுவும் அரைகுறை. பார்வோ வந்தா ரத்தமா பேதியாகி ரெண்டு நாள்ல முடிஞ்சுடும். அதையும் மீறிப் பொழைச்சு வளந்துதுன்னா முட்டிச் சில்லு நழுவறது, மூச்சுக்குழாய் அமுங்கி வாத்து மாதிரி இருமறது, விழாத பால்பல்லு, உச்சிக்குழி மூடாத மண்டை, மூளையில நீர் கோத்துக்கறதுன்னு ஒரு பட்டியலே இருக்கு. சோபாவுலேர்ந்து குதிச்சாக் கால் ஒடியும். இதையெல்லாம் பக்கம் பக்கமா எழுதலாம். ஆனா குட்டியப் பத்தியாவது பேச ஆள் இருக்கு. அம்மா நாயைப் பத்தி யாருமே பேசறதில்ல.

என்கூட பிளஸ் டூ படிச்சவன் ஒருத்தன் விருத்தாசலம் பக்கத்துல இந்தத் தொழில்தான் பண்றான். அவனும் இன்ஜினியரிங்தான். மெட்ராஸ்ல ரெண்டு வருசம் அலைஞ்சான், வேலை சரியா அமையல, திரும்பி வந்துட்டான். வீட்டுப் பின்கட்டுல ஆறு கூண்டு. கொடுமைக்காரன்லாம் இல்ல, நாயை அடிச்சு நான் பாத்ததில்ல. அவன் கணக்கு ரொம்ப சிம்பிள். பொட்ட நாய்க்கு ஆறேழு மாசத்துல முதல் பருவம் வருது. ஒண்ணரை வயசு வரைக்கும் காத்திருந்தா அது வரைக்கும் சோறு யார் போடறது? அதனால முதல் பருவத்துலயே இணை சேத்துடறது. அப்புறம் ஒவ்வொரு பருவத்துக்கும் விடறதில்ல. எட்டு மாசத்துல அந்த நாய்க்கு எலும்பே முழுசா முத்தியிருக்காது. நம்ம ஊர்ல பதிமூணு வயசுப் பொண்ணுக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டா 1098-க்குப் போன் பண்ணத் தெரியுதுல்ல?

ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ ராத்திரி பதினோரு மணிக்கு அவன்கிட்டேர்ந்து போன். "மச்சான், கார் இருக்கா?" போய்ப் பாத்தா, ஒண்ணரைக் கிலோ சொச்சம் இருக்கற பாம், வயித்துல ஒரே ஒரு குட்டி. சின்ன நாய்க்கு வயித்துல ஒத்தைக் குட்டிதான்னா அது ஆபத்து. போட்டிக்கு ஆள் இல்லாம நல்லாக் கொழுத்து வளந்துடும், தலையும் பெருசா இருக்கும், இடுப்பெலும்பு வழியோ விரல் அளவு. மத்தியானத்துலேர்ந்து முக்கிட்டிருக்கு. இவன் என்ன பண்ணியிருக்கான், தெரிஞ்ச மெடிக்கல்ல ஆக்ஸிடோசின் வாங்கி தானே போட்டுருக்கான். பால் இறங்கறதுக்கு மாட்டுக்குத் திருட்டுத்தனமாப் போடுவாங்களே, அதே ஊசி. குட்டி வழியில சிக்கி நிக்கும்போது அதைப் போட்டா கர்ப்பப்பை இன்னும் இறுக்கும். வழி இல்லாததால கிழிஞ்சே போகலாம். 

சிசேரியன் ஒண்ணுதான் வழி. எங்க பக்கம் கால்நடை டாக்டருங்க மாடு, ஆடு பாக்கறதுல கெட்டிக்காரங்க, அவங்களைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணரைக் கிலோ உயிருக்கு மயக்க மருந்து குடுத்து நடுராத்திரியில வயித்தத் திறக்க வேற மாதிரி வசதி வேணும். புதுச்சேரியில ஒரு டாக்டர் ஒத்துக்கிட்டார். எங்க ஊர்லேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். பின்சீட்டுல துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு வந்தான். வடலூர் தாண்டறதுக்குள்ள அடங்கிடுச்சு. வண்டியைத் திருப்பிட்டோம். வழியெல்லாம் அவன் ஒண்ணும் பேசல. வீட்டுக்கிட்ட வந்ததும் "நல்ல லைன்டா அது"ன்னான்.

பொழைச்சிருந்தாலும் தலைவலி தீராது. சின்ன நாய்ங்க பால் குடுக்க ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல ரத்தத்துல கால்சியம் சரிஞ்சு வெடவெடன்னு உடம்பு ஆடும், ஜுரம் அடிக்கும், விட்டா செத்துடும். மாட்டுக்குப் பால் ஜுரம் வரும்ல, அதோட பங்காளி. இதுக்குப் பயந்துக்கிட்டு சினையா இருக்கும்போதே கால்சியம் டானிக்கை ஊத்தறாங்க பாருங்க, அது நேர் எதிரா வேலை செய்யுது. வெளியிலேர்ந்து வருதேன்னு உடம்பு எலும்புலேர்ந்து கால்சியம் எடுக்கற வேலையைக் கொறைச்சுக்கும். அப்புறம் குட்டி போட்டதும் அவசரத்துக்கு எடுக்க வராது.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. பேஷா இருக்கு. 2017-லயே மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனைக்குன்னு தனி விதிகள் போட்டாச்சு. மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணாம குட்டி போட்டு விக்கக் கூடாது. 18 மாசம் ஆகாத பொட்டையை இணை சேக்கக் கூடாது, வருசத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாது, ஆயுசுக்கே அஞ்சுக்கு மேல கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கக் கூடாது. எல்லாம் அழகா எழுதியிருக்கு. ஆனா தாய்ச்சட்டம் 1960-ல போட்ட மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதுல கொடுமை பண்ணினதா முதல் தடவை மாட்டினா அபராதம் எவ்ளோ தெரியுமா? 10 ரூபாய்லேர்ந்து 50 ரூபாய் வரைக்கும். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டா அதைவிட அதிகமா ஆகும்.

2024-ல தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கைன்னு ஒண்ணு கொண்டு வந்தப்போ பக், ஹஸ்கி மாதிரி நம்ம வெயிலுக்கு ஆகாத நாய்ங்களைப் பத்தித்தான் பேச்சா இருந்துச்சு. நியாயம்தான். 2003-ல ஹட்ச் விளம்பரத்துல ஒரு பக் ஓடிச்சு, அடுத்த வருசமே தெருவுக்கு ரெண்டு பக் மூச்சு வாங்கிட்டு நின்னுச்சு. ஆனா சைஸைப் பத்தி யாரும் வாயத் திறக்கல.

இங்க சில பேர் "அதான் சொல்றோம், நாட்டு நாய் வளங்க, ராஜபாளையம் வளங்க"ன்னு கொடி புடிச்சுட்டு வருவீங்க. வாங்க. அந்த ராஜபாளையத்துலயும் பால் வெள்ளைதான் வேணும்னு அடம் புடிச்சுப் புடிச்சு, காது கேக்காத குட்டிங்க பொறக்கறது தெரிஞ்ச கதைதானே? இனம் எதுவா இருந்தா என்ன, நம்ம கண்ணுக்கு அழகாத் தெரியணும்னு அது உடம்புல கை வைக்கறதுதான் பிரச்சினை.

"அவன் பொழப்பக் கெடுக்கறியே"ன்னும் ஒருத்தர் கேட்டார். அவன் பொழப்பு நம்ம சம்பளத்துலதான் ஓடுது சார். அவன்கிட்ட சாதா பாம் அஞ்சாயிரம், டீ கப்னு சொன்னா இருபத்தஞ்சாயிரம். அந்த இருபதாயிரம் வித்தியாசத்தக் குடுக்கறது எங்க ஊர் விவசாயி இல்ல. ஓஎம்ஆர்ல, ஒயிட்ஃபீல்டுல உக்காந்து ரீல்ஸ் பாக்கற நாமதான். நாம சாதா சைஸ் போதும்னு சொன்னா அடுத்த பருவத்துக்கே அவன் பெரிய பொட்டையா வாங்கிப் போட்டுடுவான். அவனே சொன்னான்.

அதையும் மீறி வாங்கித்தான் ஆகணும்னா ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. லூசின்னு ஒரு நாய். கேவலியர் இனம். வேல்ஸ்ல ஒரு குட்டி உற்பத்திப் பண்ணையில கூண்டுலயே கிடந்து ஈன்னு ஈன்னு ஓஞ்சு போனத 2013-ல மீட்டாங்க. அது பேருல நடந்த போராட்டத்தாலதான் 2020 ஏப்ரல்லேர்ந்து இங்கிலாந்துல ஆறு மாசத்துக்கு உள்பட்ட குட்டியக் கடைக்காரனோ புரோக்கரோ விக்க முடியாது. வளத்தவன்தான் விக்கணும், அதுவும் குட்டி பொறந்த எடத்துல, அம்மாவோட சேத்துக் காட்டி. நமக்கு அந்தச் சட்டம் இல்ல. ஆனா கேக்கறதுக்குச் சட்டம் எதுக்கு? நேர்ல போங்க. அம்மா நாயைக் காட்டச் சொல்லுங்க. அதோட வயசு என்ன, எத்தனாவது ஈத்து, தடுப்பூசி அட்டை எங்கன்னு கேளுங்க. வயித்தத் திருப்பி மடி எப்படி இருக்கு, தையல் போட்ட தழும்பு இருக்கான்னு பாருங்க. குட்டி வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லை எண்ணுங்க. "அம்மா வேற ஊர்ல இருக்கு சார், வீடியோ அனுப்பறேன்"னு ஆரம்பிச்சான்னா போனை வச்சுடுங்க.