சிரிப்போம், ஆனால் பிள்ளையின் விடைத்தாளை வைத்து அல்ல



ஆசிரியர் ஓய்வறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால், வெளியே நிற்கும் சில பெற்றோர் "இவங்களுக்கு என்ன, சம்பளமும் கிடைக்குது, சிரிப்பும் கிடைக்குது" என்று நினைப்பதுண்டு. உண்மையைச் சொல்கிறோம். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் எங்களில் பலர் இந்தத் தொழிலைப் பாதி வழியிலேயே விட்டிருப்போம்.

நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம்? காலையில் வரவுப் பதிவேட்டில் விழும் சிவப்புக் கோட்டை வைத்துச் சிரிக்கிறோம். 7.30க்கு முன் வந்தவரின் கையொப்பம் கோட்டுக்கு மேலே, பஸ் பிந்தியவரின் கையொப்பம் கீழே. "வறுமைக் கோட்டுக்குக் கீழேயும் நாங்கதான், சிவப்புக் கோட்டுக்குக் கீழேயும் நாங்கதான்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே கையொப்பமிடுவார். அன்றைய நாள் அப்படித்தான் தொடங்கும்.

நேரசூசியில் "ஓய்வு" என்று ஒரு பாடவேளை இருக்கும். அது ரிலீப் பாடவேளைக்கு வைத்த செல்லப்பெயர் என்பது புதிதாக வந்த ஆசிரியருக்கு ஒரு கிழமைக்குள் புரிந்துவிடும்.

படிவங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 11.40க்கு வட்ஸ்அப்பில் ஓர் அறிவித்தல் வரும்: "இன்று பகல் 12 மணிக்கு முன் அனுப்பவும்." திறந்து பார்த்தால் போன மாதம் கொடுத்த அதே விபரம்தான். போன முறை நெடுக்காக இருந்த கட்டம் இந்த முறை குறுக்காக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கலியாண வீட்டில் கேட்பதும் எங்களுக்குப் பழகிவிட்டது. "மாஸ்டர்மாருக்கு என்ன, ஒன்றரைக்கு வீடு, வருசத்துல மூணு தரம் லீவு." நாங்கள் சிரித்துக்கொண்டு தலையாட்டுவோம். ஒன்றரைக்கு எங்களோடு சேர்ந்து 40 கொப்பிகளும் வீட்டுக்கு வருகின்றன என்பதைக் கலியாணச் சாப்பாட்டின் நடுவே விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதம் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்ட காலம் அது. பிறகு பெற்றோல் வரிசை. கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். தூரத்துப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியருக்கு அது எத்தனை நாளுக்குப் போதும்? "இந்தக் கிழமை நான் திங்கள், செவ்வாய் மட்டும்தான் ஆசிரியர், புதன்கிழமையிலிருந்து நடைப்பயணி" என்று அப்போதும் ஓய்வறையில் பகிடி விட்டார்கள். அந்தப் பகிடியால் ஒரு சொட்டுப் பெற்றோல்கூடக் கூடவில்லை. ஆனால் கஷ்டம் தனக்கு மட்டுமல்ல என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. தொழில் இடத்துச் சிரிப்பு செய்யும் வேலை இதுதான். ஒருவர் தலையில் இருக்கும் பாரத்தைக் கொஞ்ச நேரம் பத்துப் பேர் சேர்ந்து பிடிப்பதைப் போன்றது அது.

அதிபர்மாருக்கும் அதிகாரிகளுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஊழியர்கள் திரும்பத் திரும்ப எதை வைத்துப் பகிடி பண்ணுகிறார்களோ, திருத்த வேண்டியது அநேகமாக அங்கேதான் இருக்கும். கூட்டத்தில் எவரும் எழுந்து சொல்லாததை ஓய்வறைப் பகிடி சொல்லிவிடுகிறது.

இவ்வளவும் நல்ல சிரிப்பு. இன்னொரு வகைச் சிரிப்பும் இருக்கிறது. இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான்.

தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள் திருத்தும் நாட்களில் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் போட்டோக்கள் வரத் தொடங்கும். ஏதோ ஒரு பிள்ளையின் பிழையான விடை, அதைச் சுற்றிச் சிவப்புப் பேனை வட்டம், கீழே சிரிப்பு முகங்கள். "எதிர்கால டொக்டர்" என்று ஒருவர் எழுதுவார். "இவனோட உம்மா வாப்பா யாரு?" என்று இன்னொருவர் கேட்பார். நூறு பேர் பகிர்வார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். இது நாங்களே கற்பனையாக அமைத்தது. உண்மையான ஒரு பிள்ளையின் விடையை இங்கே போட்டால் நாங்கள் சொல்ல வந்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். கணித வினா: ஒருவர் 5,000 ரூபாவுக்கு மீன் வாங்கி 6,000 ரூபாவுக்கு விற்றார். இலாபம் எவ்வளவு? பிள்ளை எழுதிய விடை: "இலாபம் இல்லை. ஐஸுக்கும் பெற்றோலுக்கும் போய்விடும்."

சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அது மீன் வியாபாரியின் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாப்பா இரவில் கணக்குப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைப் பார்த்த பிள்ளை அது. விடைத்தாளில் அந்த விடை பிழை, சந்தையில் அது சரி. அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. போட்டோ எடுத்து ஊரைச் சிரிக்க வைக்கலாம். அல்லது அடுத்த நாள் அந்தப் பிள்ளையைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, "உன்ட கணக்குல செலவையும் சேர்த்திருக்காய், நல்லது. இப்ப செலவு இல்லாம ஒருக்கா செய்வோம்" என்று சொல்லி, மொத்த இலாபத்துக்கும் தேறிய இலாபத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்புக்கே படிப்பிக்கலாம்.

"பெயரை மறைச்சுத்தானே போட்டோம்" என்பார்கள். எங்கள் ஊர்களின் அளவு உங்களுக்குத் தெரியும். கையெழுத்தைப் பார்த்தே பிள்ளையைச் சொல்லக்கூடியவர்கள் வகுப்பில் பாதிப் பேர். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டதிலிருந்து வகுப்பே வட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது. உம்மாவின் போன்தான் பல வீடுகளில் பிள்ளையின் போனும். நீங்கள் ஆசிரியர் குழுவில் போட்ட போட்டோ மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையின் கைக்கே வந்து சேரும். அதன்பிறகு அந்தப் பிள்ளை தெரியாத வினாவுக்கு விடை எழுத மாட்டாது. வெறுமையாக விட்டுவிடும். முயற்சி செய்து பிழை விடுகிற பிள்ளைக்குப் படிப்பிக்கலாம். வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது?

"அப்ப சிரிக்கவே கூடாதா?" என்றும் கேட்பார்கள். யார் சொன்னது? நபி (ஸல்) அவர்களே பகிடி பேசியிருக்கிறார்கள். சவாரிக்கு ஒரு வாகனம் கேட்டு வந்த மனிதரிடம், பெண் ஒட்டகத்தின் குட்டி ஒன்றைத் தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்ய என்று அவர் திகைத்தபோது, எந்த ஒட்டகமும் ஒரு பெண் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளங்கப்படுத்தினார்கள். அதில் பொய் இல்லை. கேட்டவர் சிறுமைப்படவும் இல்லை, கடைசியில் அவருக்கு ஒட்டகமும் கிடைத்தது.

அதே நபியவர்களோடு பயணம் போன தோழர்களில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். சிலர் விளையாட்டாக அவருடைய கயிற்றை எடுத்தார்கள். அவர் திடுக்கிட்டு எழுந்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது ஆகுமானதல்ல என்று நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். இரண்டு சம்பவங்களும் அபூதாவூதில் பதிவாகியிருக்கின்றன. சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் தடுப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் மார்க்கத்தில் சிரிப்புக்கு இடமிருக்கிறது. ஒருவரின் மானத்தை எடுத்துச் சிரிப்பதற்குத்தான் இடமில்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். தொழிலை வைத்துச் சிரியுங்கள். சுற்றுநிருபத்தை, படிவத்தை, நேரசூசியை, உங்களையே வைத்தும் சிரியுங்கள். அவையெல்லாம் தாங்கும். உங்கள் கையிலிருக்கும் பிள்ளை உங்களுக்குத் திருப்பிப் பகிடி சொல்ல முடியாத நிலையில் இருக்கிறது. வைத்தியர், தாதி, வங்கி ஊழியர், கடை முதலாளி என்று எல்லோருக்கும் இது பொருந்தும். நோயாளியோ, விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் நிற்கும் பெரியம்மாவோ, புதிதாகச் சேர்ந்த கடைப் பொடியனோ உங்கள் பகிடிக்கு ஆளாக வேண்டியவர்கள் அல்ல.

ஆசிரிய சகோதர சகோதரிகளே, விடைத்தாள் போட்டோ ஒன்று குழுவில் வந்தால் "இதை எடுத்துவிடுங்க சேர், இதை எடுத்துவிடுங்க டீச்சர்" என்று மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள். பெற்றோரே, அப்படியொன்று உங்களிடம் வந்தால் உங்கள் போனோடு அது நிற்கட்டும். அதிபர்மாரே, அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

கீழே கருத்துப் பகுதியில் உங்கள் தொழில் இடத்துப் பகிடி ஒன்றை எழுதிவிட்டுப் போங்கள். படிவத்தைப் பற்றியோ சிவப்புக் கோட்டைப் பற்றியோ இருக்கட்டும். நாளைக் காலை 7.30க்கு முன் வாசித்துச் சிரிக்க எங்களுக்கும் ஏதாவது வேண்டும்.