விழுங்க முடியாத மாத்திரை

எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குச் சிகிச்சை இல்லாவிட்டால், 15 முதல் 45 விழுக்காடு வரை குழந்தைக்கும் அது பரவ வாய்ப்புண்டு. முறையான மருந்து அதை 5 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கிவிடும். 2011இல் ஆப்பிரிக்காவின் மலாவி, தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் சிகிச்சை என்ற பாதையைத் தொடங்கி வைத்தது.

ஆனால் மாத்திரை கையில் இருந்தால் போதுமா? மசக்கையில் தண்ணீரே தங்காத வயிறு அதை வெளியே தள்ளுகிறது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் டொலுடெக்ராவிருடன் சேர்த்து விழுங்கினால், மருந்து உடலில் சரியாகச் சேராது; உணவோடு எடுத்தால் சிக்கலில்லை. (இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதுமே!) வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்று டப்பாவை ஒளித்து வைப்பவர்களும் உண்டு. இவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று நாம் எளிதாகத் தீர்ப்பிட்டுவிடுகிறோம்.

2025 ஜூலையில் உலக நலவாழ்வு நிறுவனம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கேபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஊசிகளை மாற்றுவழியாகப் பரிந்துரைத்தது. நல்ல செய்திதான். ஆனால் அது ஏற்கெனவே மாத்திரையால் கிருமி அடங்கியவர்களுக்கு. கர்ப்பகாலத்தில் அவ்வூசி பற்றிய தரவுகளும் இன்னும் குறைவு. மாத்திரையே தங்காத தாய்க்கு இன்று கிடைப்பது வாந்திக்கான மருந்தும், நேரம் மாற்றித்தரும் மருத்துவரும், கடிந்துகொள்ளாமல் அருகில் அமரும் ஒருவரும்தான்.