பன்னீர் திராட்சை நம்ம ஊர்ல... ரெட் வைன் மட்டும் நாசிக்கிலிருந்தா?

கிறிஸ்துமஸ் நெருங்கினால், பாளையங்கோட்டையில் சில வீடுகளின் சமையலறை மூலைக்கு ஒரு பீங்கான் ஜாடி வந்துவிடும். உள்ளே மசித்த பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், பட்டை, கிராம்பு. வாயைத் துணியால் கட்டி சில வாரம் வைப்பார்கள். கேட்டால், "ஒயின்லாம் இல்ல, திராட்சரசம்" என்று பதில் வரும். பைபிள் தமிழில் இரண்டும் ஒன்றுதான்! ஆனால் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது, 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

திராட்சை எங்கிருந்து வருகிறது?

தாமிரபரணிக் கரையில் நெல், வாழை, ஆத்தூர் வெற்றிலை. திராட்சைக்குப் பெயர்போனது தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விளையும் பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. ஆத்தூர் வெற்றிலைக்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வைன் இந்தப் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. கொற்கையைத் துறைமுகமாகக் கொண்ட பாண்டியர்களில் ஒருவன், யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவை அருந்தியதைப் புறநானூறு சொல்கிறது.

இதில் ரெட் வைன் வருமா?

வரும். கறுப்புத் திராட்சையிலும் சாறு பெரும்பாலும் வெளுப்புதான். சிவப்பு இருப்பது தோலில். தோலோடு புளிக்கவிட்டால் ரெட் வைன். நாசிக்கில் பயிராகும் கேபர்னே சாவிஞான், ஷிராஸ் ரகங்களுக்குப் பழம் சிறிசு, தோல் தடிப்பு. அதனால் நிறமும் துவர்ப்பும் அதிகம். பன்னீர் திராட்சை சாப்பிடுவதற்கான ரகம். வைன் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். ஆனால் அந்த வாசம் வேறு எதிலும் வராது. பிரெஞ்சு வைனைக் காப்பியடிக்காமல், இந்த வாசத்தை நம்பித்தான் இறங்க வேண்டும்.

தடை எங்கே?

மகாராஷ்டிரா 2001-லும் கர்நாடகா 2007-லும் திராட்சை வைனுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். இங்கே வைனும் பிராந்தியும் ஒரே கவுன்ட்டர் சரக்கு.

வேடிக்கை என்னவென்றால், பிராந்தி என்பதே திராட்சையிலிருந்து வடிக்க வேண்டியது. நம்ம ஊர் மலிவு பிராந்தியில் இருப்பதோ பெரும்பாலும் கரும்பு மொலாசஸ் போன்றவற்றிலிருந்து எடுத்த ஸ்பிரிட். குடிக்கிறவர் பணம் ஆலைக்குப் போகிறது. திராட்சைத் தோட்டக்காரருக்கு அதில் பங்கில்லை.

"அப்போ இன்னும் குடிக்கச் சொல்றீங்களா?"

நியாயமான கேள்வி. குடியால் நொடிந்த குடும்பம் இல்லாத தெரு நெல்லையிலும் குறைவு. வைனில் ஆல்கஹால் சுமார் 12 சதவீதம், பிராந்தியில் 42.8 சதவீதம் என்பதால் வைன் மருந்தாகிவிடாது. புதுக் கடை ஒன்றுகூட வேண்டாம்.

கேட்பது வேறு. பன்னீர் திராட்சை பறித்த சில நாளில் அழுகும். வரத்து கூடினால் வியாபாரி சொல்வதுதான் விலை. மிஞ்சும் பழம் ஜூஸ், வினிகர், வைன் என்று மாறத் தோட்டத்துப் பக்கத்திலேயே வழி வேண்டும். விவசாயிகள் கூட்டாகக் கேட்டால் சிறிய அளவில் உரிமம், பாட்டிலில் ரகத்தின் பெயரும் ஊர்ப் பெயரும், இருக்கும் கடையிலேயே ஒரு தட்டில் இடம். அவ்வளவுதான்.

புவிசார் குறியீடு பழத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டது. விளைவிப்பவருக்கு விலை கொடுக்கும் வேலை அரசிடம் பாக்கி இருக்கிறது.